செம்பும் கல்லீரலும்: குழந்தைகளிடம் வில்சன் நோயைக் கண்டறிதல்

அரபு மொழியில் 'விராஸத்' எனும் சொல் இரு பொருள் தருவதாகும். இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து வாரிசுகளைச் சேர்வது ஒரு பொருள். பெற்றோரின் உடற்கூறுகள் பிள்ளைகளைச் சேர்வது மற்றொரு பொருள். இன்றைய அரபு நூல்கள் மரபியலை 'இல்முல் விராஸா' என்றே வழங்குகின்றன. பாகப்பிரிவினைப் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் நாம், இச்சொல்லின் இரண்டாம் பொருளை ஊன்றிச் சிந்திக்க நேர்ந்தது நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தின் வழியாகவே ஆகும்.

அக்குடும்பத்தில் நான்கு பிள்ளைகள். இரண்டாமவனான சிறுவனுக்கு ஒன்பது வயதில் மஞ்சள் காமாலை கண்டது. வழக்கம்போல் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தனர், பத்தியம் காத்தனர், மஞ்சள் இறங்கியது. எட்டு மாதங்களுக்குப் பின் மீண்டும் வந்தபோது வயிறு வீங்கி, கால்களில் நீர் கோத்திருந்தது. பெரிய மருத்துவமனையில் பல சோதனைகளுக்குப் பின் வில்சன் நோய் என்றனர். உடலில் செம்பு தேங்குவதால் வரும் நோய் என்று மருத்துவர் விளக்கியபோது, அத்தாயின் எண்ணம் தம் வீட்டுச் செம்புக் குடத்தின் மீது சென்றது. திருமணச் சீராக வந்த அக்குடத்துத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் அருந்தி வந்தனர். தன் கையாலேயே பிள்ளைக்கு நஞ்சூட்டிவிட்டதாக அவர் நெடுநாள் வருந்தினார்.

மற்ற மூன்று பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குடத்தை அகற்றியாயிற்று, பிள்ளைகளும் ஓடியாடி விளையாடுகின்றனர், பிறகென்ன சோதனை என்று தந்தையார் இருந்துவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பதின்மூன்று வயதான மூத்த மகள் மாலை நேர வகுப்பில் நம்மிடம் அரபு எழுத்துப் பயின்று வந்தாள். அழகாக எழுதிக்கொண்டிருந்த அவளது எழுத்துகள் சிறுத்தும் கோணலாகவும் மாறின. கவனமின்மை என்று கருதிக் கண்டித்தவர்களுள் நாமும் ஒருவர். அவளது கை நடுங்கியதை நாம் காணவில்லை, ஏட்டைத்தான் கண்டோம்.

இக்கட்டுரை எழுதப்படுவதற்கு அதுவே காரணம். இந்நோய் என்ன, குழந்தைகளிடம் அது ஏன் மறைந்திருக்கிறது, எச்சான்றுகளைக் கொண்டு மருத்துவர்கள் அதனைக் கண்டறிகின்றனர், ஒரு பிள்ளைக்குக் கண்டறிந்த பின் குடும்பத்தார் செய்யக் கடமைப்பட்டது எது என்பவற்றை இங்கு நோக்குவோம்.

உடலில் செம்பின் பயணம்

செம்பு இயல்பில் உடலுக்குப் பகை அன்று. மிகச் சிறிதளவு செம்பு இன்றி இரத்தமும் நரம்பும் எலும்பும் தத்தம் பணியைச் செவ்வனே செய்ய இயலாது. வளர்ந்த மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவான செம்பு போதுமானது. தானியம், பருப்பு, கொட்டை வகைகள், இறைச்சி என நாம் அன்றாடம் உண்பவற்றில் அதனினும் மிகுதியாகவே கிடைக்கிறது. ஆதலால் உடலுக்கு உள்ள பெரும்பணி, செம்பைத் தேடிச் சேர்ப்பதைவிட மிகையை வெளியேற்றுவதே எனலாம்.

அப்பணி கல்லீரலுடையது. குடலிலிருந்து உறிஞ்சப்பட்ட செம்பு இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைகிறது. கல்லீரல் செல்லினுள் 'ஏ.டி.பி.7பி' எனும் புரதம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தேவையான செம்பை 'செருலோபிளாஸ்மின்' எனும் புரதத்தில் ஏற்றி இரத்தத்திற்கு அனுப்புவது முதல் வேலை. எஞ்சியதைப் பித்தநீரில் கலந்து குடலுக்குத் தள்ளி, மலத்துடன் வெளியேறச் செய்வது இரண்டாம் வேலை. செம்பு உடலைவிட்டு வெளியேறப் பித்தநீரே தலைவாயில். சிறுநீரில் செல்வது மிகச் சொற்பம்.

வில்சன் நோயில் இப்புரதத்தை உருவாக்கும் மரபணு பழுதடைந்துள்ளது. ஆகவே இரு வேலைகளும் தடைப்படுகின்றன. செம்பு ஏற்றப்படாத செருலோபிளாஸ்மின் விரைவில் சிதைந்துவிடுவதால் இரத்தத்தில் அதன் அளவு குறைகிறது. வெளியேற வழியற்ற செம்போ கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் தேங்கி, செல்களை அழித்து, இறுதியில் கல்லீரலைச் சுருங்கி இறுகச் செய்கிறது. தாங்கும் எல்லை கடந்ததும் கட்டற்ற செம்பு இரத்தத்தில் வழிந்து மூளை, கண், சிறுநீரகம் முதலிய உறுப்புகளில் படிகிறது.

இங்கு ஒரு முரண் நோக்கத்தக்கது. இரத்தத்திலுள்ள செம்பின் பெரும்பகுதியைச் சுமப்பது செருலோபிளாஸ்மினே. அது குறைவதால், உடலெங்கும் செம்பு தேங்கிக் கிடக்கும் நோயாளியின் இரத்தத்தைச் சோதித்தால் மொத்தச் செம்பின் அளவு பெரும்பாலும் இயல்பைவிடக் குறைவாகவே காணப்படும். அந்த முடிவை மட்டும் கண்டு 'செம்பு மிகையில்லை' என்று ஆறுதல் கொள்வோர் ஏமாந்துபோவர்.

அறியப்பட்ட வரலாறு

சாமுவேல் அலெக்ஸாண்டர் கின்னியர் வில்சன் எனும் நரம்பியல் மருத்துவர் 1912-ஆம் ஆண்டு 'பிரெயின்' எனும் இலண்டன் ஆய்விதழில் இருநூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இளம் வயதினரைத் தாக்கி, கைகால் நடுக்கமும் விறைப்பும் பேச்சுக் குழறலும் தந்து மரணத்தில் முடியும் நோய் ஒன்றை அதில் விவரித்தார். அது ஒரே குடும்பத்தில் பலரிடம் தோன்றுவதையும், இறந்தோரின் கல்லீரல் இறுகியிருந்ததையும் அவர் குறித்தார். செம்பே காரணம் என்பது அவருக்குத் தெரியாது. அதற்கு முன்பே 1902-இல் கெய்சரும் 1903-இல் ஃபிளைஷரும் கருவிழியின் ஓரத்தில் காணும் பழுப்புப் பச்சை வளையத்தைத் தனித்தனியே விவரித்திருந்தனர். கண்ணின் வளையம், மூளையின் நலிவு, கல்லீரலின் இறுக்கம் ஆகிய மூன்றையும் இணைக்கும் இழை செம்பே என்பது உறுதியாக மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. 1952-இல் ஷைன்பெர்க், கிட்லின் ஆகிய இருவரும் இந்நோயாளிகளிடம் செருலோபிளாஸ்மின் குறைந்திருப்பதைக் காட்டினர்.

1956-இல் ஜான் வால்ஷ் எனும் மருத்துவர் பெனிசிலமின் எனும் மருந்தை இந்நோய்க்கு அறிமுகம் செய்தார். அது செம்பைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் வெளியேற்றுவதாகும். நோயாளிக்குக் கொடுக்குமுன் அதனைத் தாமே உட்கொண்டு பார்த்தார் அவர். 1993-இல் பதின்மூன்றாம் குரோமோசோமில் உள்ள பழுதான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. இவ்வாறு, மரணம் உறுதி என்றிருந்த ஒரு நோய், காலத்தே கண்டால் வாழ்நாள் முழுதும் கட்டுக்குள் வைக்கத்தக்க நோயாயிற்று. 'காலத்தே' எனும் அச்சொல்லில்தான் இன்றைய சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது.

குழந்தையிடம் நோய் கொள்ளும் வேடங்கள்

பழுது பிறவியிலேயே உள்ளதாயினும், செம்பு சேர்ந்து தீங்கு வெளிப்பட ஆண்டுகள் பிடிக்கும். பொதுவாக ஐந்து வயதிற்கு முன் அறிகுறிகள் தோன்றுவது அரிது. பள்ளிப் பருவத்தில் நோய் பெரும்பாலும் கல்லீரல் வழியே வெளிப்படும்; நரம்பு வழியே வெளிப்படுவது பெரும்பாலும் பதின்பருவத்திலும் அதன் பின்னரும் ஆகும்.

கல்லீரல் வழியே வரும்போது அதற்கென்று தனி முகம் இல்லை. வேறொரு காரணத்திற்காக எடுத்த இரத்தச் சோதனையில் கல்லீரல் நொதிகள் உயர்ந்திருக்கலாம். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதாகக் கூறப்படலாம். தொற்றால் வரும் சாதாரண மஞ்சள் காமாலையைப் போலவே வந்து தானே தணியலாம். உடலின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் நோயைப் போலத் தோன்றி அதற்குரிய மருந்துகள் வீணே கொடுக்கப்படலாம். சில பிள்ளைகளிடம் முதல் அறிகுறியே கல்லீரல் திடீரெனச் செயலிழப்பதாக இருக்கும். அப்போது செம்பு இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைப்பதால் இரத்தசோகையும் உடன் தோன்றும். காமாலையுடன் சேர்ந்து வரும் இத்தகைய இரத்தசோகை மருத்துவரை உடனே விழிப்படையச் செய்ய வேண்டிய அடையாளமாகும்.

நரம்பு வழியே வரும்போது முதலில் காண்பவர் பெரும்பாலும் ஆசிரியரே. கையெழுத்துச் சிதைவு, படிப்பில் திடீர்ப் பின்னடைவு, காரணமற்ற சினம், சொற்குழறல், வாயில் எச்சில் வடிதல், பிடித்த பொருள் நழுவுதல் ஆகியவை அறிகுறிகளாம். இவற்றைச் சோம்பல் என்றும் அடங்காமை என்றும் பெயரிட்டுத் தண்டிப்பது எளிது. எழுதும் கையை ஒருமுறை நின்று நோக்குவது அதனினும் எளிது என்பதை நாம் காலந்தாழ்த்திக் கற்றோம்.

ஒரு குழந்தைக்குக் காமாலை கண்டதும் வில்சன் நோயோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான காமாலைகள் வேறு காரணத்தால் வருபவை. ஆனால் மீண்டும் மீண்டும் வருவது, சில வாரங்களில் முற்றாகத் தணியாதது, வயிற்றில் நீர் கோப்பது, குடும்பத்தில் வேறொருவர் இளவயதில் கல்லீரல் நோயால் இறந்திருப்பது ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் இந்நோயை எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். கீழாநெல்லிக்குப் பின் மஞ்சள் இறங்கிவிட்டது என்பது நோய் நீங்கியதற்குச் சான்றாகாது; இந்நோயின் காமாலை எம்மருந்துமின்றியும் இடையில் இறங்கக்கூடியது.

சான்றுகளும் அவற்றின் எடையும்

இந்நோயைக் குழந்தைகளிடம் உறுதி செய்வது கடினமாயிருப்பதற்குக் காரணம், எல்லா நிலையிலும் தனித்து நின்று தீர்ப்பளிக்கும் ஒரே சோதனை இல்லாமையே. வழக்காராயும் நீதிபதி சாட்சிகள் பலரையும் விசாரித்து, ஒவ்வொருவரின் சொல்லையும் எடைபோட்டு முடிவுக்கு வருவது போலவே மருத்துவரும் செயற்பட வேண்டியுள்ளது.

முதற்சான்று இரத்தத்திலுள்ள செருலோபிளாஸ்மின். டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது இயல்பு எனக் கொள்ளப்படுகிறது. 10-க்கும் கீழே இறங்கினால் ஐயம் வலுக்கும். ஆயினும் இச்சான்று இருபுறமும் வழுக்கும். கல்லீரலில் அழற்சி மிகுந்திருக்கும்போது இப்புரதம் தற்காலிகமாக உயர்ந்து, நோயாளியிடமும் இயல்பான அளவைக் காட்டலாம். மாறாக, ஊட்டக்குறைவு, சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய், வேறு காரணத்தால் வந்த கடும் கல்லீரல் செயலிழப்பு ஆகியவற்றில் வில்சன் நோய் இல்லாதவரிடமும் இது குறையும். கைக்குழந்தைகளிடம் இது இயல்பாகவே குறைவு. ஆதலால் ஒரு வயது நிறையுமுன் செய்யும் சோதனையை நம்ப இயலாது.

இரண்டாம் சான்று ஒரு நாள் முழுவதும் கழிக்கும் சிறுநீரிலுள்ள செம்பின் அளவு. நோய் வெளிப்பட்டோரிடம் அது 100 மைக்ரோகிராமைத் தாண்டுவது வழக்கம். குழந்தைகளிடம் 40-ஐத் தாண்டினாலே மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பது இன்றைய கருத்து. இச்சோதனையின் நம்பகம் வீட்டாரின் கையில் உள்ளது. காலையில் முதலில் கழிப்பதை விட்டுவிட்டு, அந்நேரம் முதல் மறுநாள் அதே நேரம்வரை கழிப்பது அனைத்தையும், மறுநாள் காலை முதலில் கழிப்பது உட்பட, ஆய்வகம் தரும் பிளாஸ்டிக் கலனிலேயே சேர்க்க வேண்டும். ஒருமுறை தவறினும் அளவு பொய்யாகக் குறையும். உலோகப் பாத்திரத்தில் பிடித்து ஊற்றினால் பொய்யாகக் கூடும்.

மூன்றாம் சான்று கண். செம்பு கருவிழியின் உட்படலத்தில் படிவதால் தோன்றும் கெய்சர்–ஃபிளைஷர் வளையத்தைக் கண் மருத்துவர் 'ஸ்லிட் லேம்ப்' எனும் கருவியால் காண்பார். நம்மைப் போன்று கரும்பழுப்பு விழியுடையோரிடம் வெறுங்கண்ணால் அதைக் காண்பது கடினம். நரம்பு அறிகுறி உடையோரில் மிகப் பெரும்பாலோரிடம் இவ்வளையம் இருக்கும். கல்லீரல் நோயுடன் வரும் குழந்தைகளிடமோ பல வேளைகளில் இராது. ஆகவே 'கண்ணில் வளையம் இல்லை, எனவே நோய் இல்லை' என்ற முடிவு குழந்தைகளைப் பொறுத்தவரை பிழையானதாகும்.

நான்காம் சான்று ஊசியால் எடுத்த கல்லீரல் துணுக்கில் அளக்கும் செம்பு. உலர்ந்த திசுவின் ஒரு கிராமில் 50 மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருப்பது இயல்பு. 250-ஐத் தாண்டுவது இந்நோய்க்கு வலுவான சான்று. எனினும் பித்தநீர் ஓட்டம் நெடுங்காலம் தடைப்பட்ட பிற நோய்களிலும் செம்பு சேரும். இறுகிய கல்லீரலில் செம்பு எங்கும் ஒரே சீராகப் படியாததால், எடுத்த துணுக்கில் குறைவாகவும் இருந்துவிடலாம்.

ஐந்தாம் சான்று மரபணு. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு பிரதிகளிலும் பழுது காணப்பட்டால் நோய் உறுதியாகும். ஆனால் இம்மரபணுவில் பல நூறு வகைப் பழுதுகள் அறியப்பட்டுள்ளன. ஆதலின் ஓரிரு இடங்களை மட்டும் பார்த்து 'இல்லை' என்று கூற இயலாது. மரபணு முழுவதையும் வாசிக்க வேண்டும்.

இச்சான்றுகளை முறையாக எடைபோடுவதற்கென 2001-இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் கூடிய வல்லுநர்கள் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். கண் வளையத்திற்கு 2. செருலோபிளாஸ்மின் 10-க்குக் கீழிருந்தால் 2, 10 முதல் 20 வரை எனில் 1. சிறுநீர்ச் செம்பு இயல்பின் உச்ச அளவைப்போல் இரு மடங்குக்கு மேல் எனில் 2. கல்லீரல் துணுக்கில் செம்பு 250-ஐத் தாண்டினால் 2. மரபணுவின் இரு பிரதிகளிலும் பழுது எனில் 4 என்றவாறு அது அமைந்தது. நரம்பு அறிகுறிகளுக்கும் இரத்தச் சிதைவுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. கல்லீரல் துணுக்கில் செம்பு இயல்பாக இருந்தால் ஒன்று கழிக்கப்படும். கூட்டுத்தொகை 4 அல்லது அதற்கு மேல் எனில் நோய் உறுதி. 3 எனில் மேலும் சோதிக்க வேண்டும். 2 அல்லது அதற்கும் கீழ் எனில் நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தனித்து நிற்கையில் ஐயத்திற்குரிய சான்றுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கையில் உறுதி பெறுகின்றன என்பதே இம்முறையின் அடிப்படை.

குடத்தின் மீதான பழி

அத்தாய் தம் செம்புக் குடத்தின் மீது சுமத்திய பழிக்கு வருவோம். அப்பழி முற்றிலும் கற்பனையில் பிறந்ததன்று. அதற்குப் பின்னால் வேறொரு நோயின் வரலாறு இருக்கிறது.

இந்தியாவில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் கல்லீரல் இறுகி இறக்கும் நோய் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதிவாகியுள்ளது. இந்தியக் குழந்தைக் கல்லீரல் இறுக்க நோய் என்று அதற்குப் பெயர். அக்குழந்தைகளின் கல்லீரலில் செம்பு மிக உயர்ந்த அளவில் காணப்பட்டது. ஆனால் செருலோபிளாஸ்மின் குறையவில்லை. புனே நகர மருத்துவர்களும் இங்கிலாந்தின் டேனரும் இணைந்து நடத்திய ஆய்வுகள் 1980-களில் ஒரு விளக்கத்தைத் தந்தன. தாய்ப்பாலை விரைவில் நிறுத்தி, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த விலங்குப் பாலை ஊட்டிய வீடுகளில் அந்நோய் மிகுந்திருந்தது. பாலிலுள்ள புரதம் பாத்திரத்தின் செம்பை எளிதில் பற்றிக்கொள்ளும். எவர்சில்வரும் அலுமினியமும் அடுக்களைக்கு வந்து, பித்தளை பரணுக்கு ஏறிய பின் அந்நோய் அருகிவிட்டது. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியிலும் 1900 முதல் 1974 வரை 138 கைக்குழந்தைகள் இதுபோன்றதொரு நோயால் இறந்ததும், அங்கும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரங்கள் மாறியதும் நோய் மறைந்ததும் 1996-இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது.

பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் தெருத்தெருவாக வந்த காலத்தை நம் தலைமுறையினர் நினைவுகூரலாம். கைப்பு ஏறாமல் காக்க என்று நம் பாட்டிமார் கருதிச் செய்த அச்செயல், செம்பு பாலில் இறங்காமலும் காத்தது.

ஆயினும் அந்நோய் வேறு, வில்சன் நோய் வேறு. முன்னதில் வெளியிலிருந்து வந்த மிகையான செம்பு கைக்குழந்தையின் கல்லீரலை மூழ்கடித்தது. பின்னதில் யாவரும் உண்ணும் இயல்பான அளவே வெளியேற வழியின்றித் தேங்குகிறது. செம்புக் குடம் வில்சன் நோயை உண்டாக்குவதில்லை. குடத்தை அகற்றுவதால் அது தீர்வதும் இல்லை. நோயாளி செம்புப் பாத்திரத்து நீரையும், செம்பு மிகுந்த ஈரல், கொட்டை வகைகள், காளான், சாக்லேட் முதலியவற்றையும் தவிர்ப்பது நல்லது என்பது உண்மையே. எனினும் அது மருந்துக்குத் துணை மட்டுமே. குடத்தைக் குற்றவாளியாக்கியதால் ஒரு தாய் வீணே வருந்தினார் என்பது ஒரு தீங்கு. குடம் போனதும் நோயும் போயிற்று என்று மற்றப் பிள்ளைகளைச் சோதிக்காது விட்டது அதனினும் பெருந்தீங்கு.

பாகப்பிரிவினையின் கால் பங்கும் மரபின் கால் பங்கும்

பெற்றோர் இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருக்கும். மற்றொரு பிரதி நலமாயிருப்பதால் அவர்களுக்கு நோய் வராது. தம்மிடம் பழுதிருப்பதையும் அறியார். பிள்ளைக்கு இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்து சேர்ந்தால் மட்டும் நோய் வரும். அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

இந்த நான்கில் ஒன்றைப் பலரும் சொத்துப் பங்கைப் போலப் புரிந்துகொள்கின்றனர். பாகப்பிரிவினையில் ஒருவர் கால் பங்கை எடுத்துவிட்டால் எஞ்சியது முக்கால். அதில் அவருக்கு உரிமை இல்லை, மற்றவருக்கே உரியது. அதுபோல நான்கு பிள்ளைகளில் ஒருவன் நோயை 'எடுத்துக்கொண்டான்', ஏனைய மூவரும் தப்பினர் என்று எண்ணிவிடுகின்றனர். அத்தந்தையார் நம்மிடம் சொன்னதும் இதுவே.

மரபின் கணக்கு அவ்வாறன்று. அங்கு எப்பிள்ளைக்கும் முழுச் சொத்தும் புதிதாகப் பங்கிடப்படுகிறது. முன்னவர் பெற்றதால் பின்னவருக்குக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எஞ்சிய மூவரில் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒன்று எனும் வாய்ப்பு அப்படியே உள்ளது. மூவருமே தப்புவதற்கான வாய்ப்பு, முக்காலை மூன்று முறை பெருக்கினால் வரும் 64-இல் 27 பங்கு ஆகும். மூவரில் ஒருவருக்கேனும் நோய் இருப்பதற்கான வாய்ப்பு 64-இல் 37 பங்கு. அதாவது பாதிக்கும் மேல்!

ஆகவே ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானதும் உடன்பிறந்தோர் அனைவரையும், அவர்கள் எவ்வளவு நலமாகத் தோன்றினும், சோதித்தாக வேண்டும். கல்லீரல் நொதிகள், செருலோபிளாஸ்மின், சிறுநீர்ச் செம்பு, கண் ஆகியவற்றுடன், முதற்பிள்ளையின் மரபணுப் பழுது இன்னதென்று தெரிந்திருந்தால் அதே பழுதை மற்றவரிடம் தேடுவது எளிதும் தெளிவும் ஆகும். அறிகுறி தோன்றுமுன்னரே கண்டறியப்பட்டு, மருந்தை விடாது உட்கொள்ளும் பிள்ளை ஏனையோரைப் போல நலமாக வாழ இயலும். இந்நோயில் மருத்துவத்தால் கிட்டும் மிகப்பெரும் பயன் இதுவே. குடும்பத்தின் அலட்சியத்தால் மிக எளிதில் இழக்கப்படுவதும் இதுவே.

உறவுத் திருமணம் குறித்து

இந்நோய் ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு வருவதாகவும், பழுதான ஒரு பிரதியைத் தாங்கி நிற்போர் ஏறத்தாழ 90 பேரில் ஒருவர் எனவும் நூல்கள் கூறுகின்றன. இக்கணக்கைக் கொண்டு பார்த்தால், உறவல்லாத இருவர் மணந்தால் அவர்தம் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 32,400-இல் ஒன்று. சிற்றப்பா, பெரியப்பா, மாமன், அத்தை, சின்னம்மா, பெரியம்மா ஆகியோரின் மக்களை மணந்தால், ஒருவரிடமுள்ள பழுது பொதுவான பாட்டனார் வழியே மற்றவரிடமும் இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றாகிறது. அப்போது பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2,880-இல் ஒன்று. ஏறக்குறையப் பதினொரு மடங்கு உயர்வு இது. தென்னிந்தியாவில் பிற சமூகத்தாரிடம் வழங்கும் தாய்மாமன் திருமணத்தில் அது இன்னும் இரு மடங்காகும்.

இக்கணக்கை நேர்மையுடன் வாசித்தல் வேண்டும். 2,880 பேரில் 2,879 பேருக்கு இந்நோய் வராது. ஆதலால் உறவுத் திருமணம் செய்தோர் அச்சமோ குற்றவுணர்வோ கொள்ளக் காரணமில்லை. அதே வேளையில், குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பது தெரிந்த பின் இக்கணக்கு பொருந்தாது. வாய்ப்பு அப்போது பன்மடங்கு உயர்ந்துவிடும். ஷரீஅத்தில் மாமன் மகளையும் சிற்றப்பன் மகளையும் மணப்பது ஆகுமாக்கப்பட்டதே ஒழிய ஏவப்பட்டதன்று. நோய் வெளிப்பட்ட குடும்பத்தில் மீண்டும் உறவுக்குள்ளேயே சம்பந்தம் பேசுமுன் மரபணு ஆலோசனை பெறுவது ஆகுமானதைத் தடை செய்வதாகாது. பிறக்கவிருக்கும் பிள்ளையின் நலத்தைக் கருதுவதே ஆகும்.

கண்டறிந்த பின்

சிகிச்சையின் நுணுக்கங்கள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. பெனிசிலமின், டிரையென்டின் ஆகியவை தேங்கிய செம்பைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. துத்தநாக உப்புகள் குடலில் செம்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. கல்லீரல் முற்றிலும் செயலிழந்தோருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தப்படுகிறது. இம்மருந்துகளை உணவுடன் சேர்க்காது, உரிய இடைவெளியில், ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். நலமடைந்துவிட்டோம் என்று தாமே நிறுத்தியோர் சில மாதங்களிலேயே கல்லீரல் செயலிழந்து இறந்த நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் உண்டு. நோன்பு மாதத்திலும் மருத்துவரைக் கேளாது மருந்தின் வேளையை மாற்றுதலோ விடுதலோ கூடாது.

முடிவாக

அக்குடும்பத்துச் சிறுவன் இன்று மருந்துடன் பள்ளி சென்று வருகிறான். மூத்த மகளுக்குச் சிகிச்சையால் கைநடுக்கம் பெரிதும் குறைந்துள்ளது. பேச்சில் மட்டும் குழறல் எஞ்சியிருக்கிறது. அவளுக்கு நோய் உறுதியான பின்னரே இளையவர் இருவரும் சோதிக்கப்பட்டனர். ஒருவருக்கு நோய் இல்லை. கடைக்குட்டிக்கு எவ்வறிகுறியும் இல்லாத நிலையிலேயே நோய் கண்டறியப்பட்டு, துத்தநாக மருந்து தொடங்கப்பட்டுள்ளது. மருத்துவர் முதன்முதல் சொன்ன நாளிலேயே சோதித்திருந்தால் மூத்தவளும் அக்கடைக்குட்டியின் நிலையிலேயே காக்கப்பட்டிருக்கக் கூடும்.

சொத்தைப் பங்கிடுமுன் வாரிசுகள் யாவர் என்று ஒருவரையும் விடாது எண்ணுமாறு நம் மாணவர்களுக்குப் பாடத்தின் முதல் நாளிலேயே கற்பிக்கிறோம். ஒரு வாரிசை விட்டுவிட்டால் கணக்கு முழுவதும் பிழையாகும். உடற்கூறுகளின் விராஸத்திலும் விதி அதுவே. ஒரு பிள்ளையிடம் இந்நோய் காணப்பட்டால், அவ்வீட்டின் கடைசிப் பிள்ளையும் சோதிக்கப்படும் வரை நோயறிதல் நிறைவு பெற்றதாகாது.